தென்னாப்பிரிக்கக் குடியுரிமை பெற்றபின் ஊருக்குப் போவது: பாஸ்போர்ட் ஒப்படைப்பு முதல் ஓசிஐ வரை, வரிசை மாறாமல்

ஜோகன்னஸ்பர்க்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் காகிதங்களை விரித்து வைத்துப் பார்த்த குடும்பங்கள் பத்துப் பதினைந்து இருக்கும். முதலில் எங்கள் காகிதம். அப்புறம் அலுவலக நண்பர், அவருடைய மைத்துனர், மிட்ராண்டிலிருந்து ஒரு தம்பதி, டர்பனிலிருந்து போனில் ஒருவர். எல்லாரும் தடுமாறிய இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். என்னென்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது. எதை முதலில் செய்வது என்பது தெரியவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டு விசாவைத் தேடினார்கள். விசா படிவத்தில் பாதி வந்தபிறகுதான் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை இன்னும் ஒப்படைக்கவில்லை என்பது உறைத்தது.

இந்தியாவில் பிறந்து, இந்தியப் பாஸ்போர்ட்டில் இங்கே வந்து, நிரந்தர வசிப்புரிமை வாங்கி, இப்போது தென்னாப்பிரிக்கக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் பெறப்போகிறவர்களுக்கும்தான் இது. ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) என்பது முன்னாள் இந்தியருக்கும் அவர் வழிவந்தவருக்கும் இந்தியா கொடுக்கும் ஆயுள்கால விசா அட்டை. கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் அன்று தூதரகப் பக்கத்தைப் பார்த்தே கட்டுங்கள்.

1. சான்றிதழில் உள்ள தேதியை முதலில் பாருங்கள்

உங்கள் குடியுரிமைச் சான்றிதழை எடுத்து அதில் போட்டிருக்கும் தேதியைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் அந்தத் தேதியைச் சுற்றித்தான் நடக்கும்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 9-இன்படி, ஓர் இந்தியர் தாமாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. யாரும் ஆணை போடவேண்டியதில்லை, நீங்கள் கையெழுத்துப் போடவேண்டியதும் இல்லை. தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் கைக்கு வரும் தேதி கணக்கில் வராது. இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருடம் செல்லுபடி இருப்பதும் கணக்கில் வராது.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. "புதுப் பாஸ்போர்ட் வர நாளாகும், அதுவரை பழையதில் ஒருமுறை ஊருக்குப் போய்விட்டு வந்துவிடலாம்" என்று நினைக்கிறார்கள். அப்படிப் போனால் இரண்டு நாட்டுச் சட்டமும் ஒன்றாகப் பிடிக்கும். குடியுரிமை போனபிறகு இந்தியப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். தென்னாப்பிரிக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 26பி பிரிவுப்படி, இந்த நாட்டின் வயதுவந்த குடிமகன் வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டைக் காட்டி நாட்டுக்குள் வருவதும் வெளியே போவதும் குற்றம். தாயார் உடம்பு சரியில்லை என்று கேட்டதும் கையில் இருந்த பாஸ்போர்ட்டோடு ஓடியவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் பிற்பாடு ஒப்படைப்பு விண்ணப்பத்தின்போது அந்த முத்திரைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துத்தான் அபராதம் போட்டார்கள்.

இன்னொரு குழப்பம் 2025 மே மாதத்துக்குப் பிறகு வந்தது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், வேறு நாட்டுக் குடியுரிமை பெறும் தென்னாப்பிரிக்கர் தம் குடியுரிமையைத் தானாக இழப்பார் என்ற 6(1)(அ) பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. "கோர்ட்டே இரட்டைக் குடியுரிமை கொடுத்துவிட்டது, இனி இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாம்" என்று நம்மவர்கள் சிலர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அந்தத் தீர்ப்பு தென்னாப்பிரிக்கச் சட்டத்தைப் பற்றியது. இந்தியச் சட்டத்தில் ஓர் எழுத்துகூட அதனால் மாறவில்லை.

2. குடியுரிமை கைக்கு வருமுன்: இந்தியப் பாஸ்போர்ட்டை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்

ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிவிட்டவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தென்னாப்பிரிக்கக் குடியுரிமை கேட்பவரின் சொந்த நாடு இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்காவிட்டால், அவர் அந்தக் குடியுரிமையைத் துறந்து அதற்கான அத்தாட்சியைத் தரவேண்டும். இந்தியா அனுமதிக்காத நாடு. ஆகவே ஹோம் அஃபேர்ஸ் (தென்னாப்பிரிக்க உள்துறை) உங்களிடம் இதைக் கேட்கும்.

இதைக் கேட்டதும் பலர் நேராகத் தூதரகத்துக்குப் போய் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறார்கள். வேண்டாம். இந்தியக் குடியுரிமையைத் துறந்து, இங்கே கோப்பு எங்கேயோ மாட்டிக்கொண்டால், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக நிற்பீர்கள். கையில் பயண ஆவணமே இருக்காது.

செய்யவேண்டியது இது. எந்த வகை அத்தாட்சி வேண்டும், எந்தக் கட்டத்தில் வேண்டும் என்பதை ஹோம் அஃபேர்ஸிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்தை இந்தியத் தூதரகத்திடம் காட்டி, அதற்குப் பொருத்தமாக அவர்கள் என்ன தருவார்கள் என்று கேளுங்கள். இரண்டு பதிலும் கையில் இல்லாமல் ஒரு படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிறு குழந்தைகள் இருந்தால் இன்னும் நிதானம் தேவை. இந்தியச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் துறப்பு அறிவிப்பைப் பதிவுசெய்தால், அறிவிப்புச் செய்தவரின் மைனர் குழந்தையும் இந்தியக் குடியுரிமையை இழக்கும். நிரந்தரவாசிப் பெற்றோருக்கு இங்கே பிறந்த குழந்தை பிறந்த உடனேயே தென்னாப்பிரிக்கக் குடிமகன் ஆவதில்லை. நம்மில் பலருடைய குழந்தைகள் தூதரகத்தில் பதிவாகி இந்தியப் பாஸ்போர்ட்டில்தான் இருக்கிறார்கள். குழந்தையின் தென்னாப்பிரிக்க நிலை என்ன என்பது உறுதியான பிறகே பெற்றோர் அறிவிப்புச் செய்யவேண்டும்.

3. சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடுவே உள்ள நாட்கள்

சான்றிதழ் வந்ததும் புது ஐடி, அதன்பின் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் என்பதுதான் வரிசை. இந்த இடைக்காலத்தில் நீங்கள் எங்கும் பறக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவும் இந்த இடைவெளியில் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. வரும் என்று தெரிந்தால், குடியுரிமை விண்ணப்பத்தின் நேரத்தையே தள்ளிவைத்துக்கொண்டவர்கள் உண்டு. நல்ல முடிவு என்றுதான் சொல்வேன்.

இங்கே யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம்: உங்கள் ஐடி எண்ணே மாறும். தென்னாப்பிரிக்க ஐடி 13 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். 11-ஆவது இலக்கம் குடியுரிமையைக் காட்டும்: குடிமகனுக்கு 0, நிரந்தரவாசிக்கு 1. அந்த 1 இப்போது 0 ஆகும். சரிபார்ப்பு இலக்கமான கடைசி எண்ணும் சேர்ந்து மாறும்.

நான் இதை முதலில் கவனிக்கவில்லை. என் பெண்ணின் பிறப்புச் சான்றிதழையும் என் புது ஐடியையும் அருகருகே வைத்தபோதுதான் கண்ணில் பட்டது. அவளுடைய சான்றிதழில் தகப்பன் எண்ணில் 1, என் கையில் இருந்த அட்டையில் 0. கவுண்டரில் இருப்பவருக்கு அது இரண்டு வேறு ஆட்களின் எண். திருமணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, மெடிக்கல் எய்ட் எல்லாவற்றிலும் பழைய எண்தான் இருக்கும்.

அதனால் பழைய ஐடியைத் திருப்பிக் கொடுக்குமுன் நல்ல நகல் எடுத்துவையுங்கள். "இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒரே ஆளுடையவை, குடியுரிமை மாறியதால் எண் மாறியது" என்று ஓர் அஃபிடவிட் எழுதி, போலீஸ் நிலையத்தில் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் (உறுதிமொழி வாங்கும் அதிகாரி) முன் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு வாங்கமாட்டார்கள். வங்கிக்கும் வரித்துறைக்கும் அதையே காட்டலாம்.

4. பெயர்: தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல்

இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். நான் பார்த்த விண்ணப்பங்களில் திரும்பி வந்தவை பெரும்பாலும் பெயரால்தான் வந்தன.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ந. கார்த்திகேயன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் "கார்த்திகேயன் ந". இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயர்க் கட்டத்தில் "கார்த்திகேயன் நடராஜன்", குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஹோம் அஃபேர்ஸ் குடும்பப் பெயர் இல்லாமல் பதிவுசெய்யாது. அங்கே "நடராஜன்" குடும்பப் பெயராகி, "கார்த்திகேயன்" மட்டும் பெயராக நின்றது. கல்யாணம் ஆகி வந்த மனைவிக்கு "கார்த்திகேயன்" குடும்பப் பெயர், குழந்தைக்கு "நடராஜன்". ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர்.

ஊரில் இருப்பவருக்கு இதில் ஒன்றும் விநோதமில்லை. கணினிக்கு இவர்கள் இரண்டு வேறு குடும்பத்தார்.

எல்லாக் காகிதத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: ஆவணம், அதில் பெயர் எப்படி இருக்கிறது, குடும்பப் பெயர் எது, பிறந்த ஊர் எது. பிறந்த ஊரையும் விடாதீர்கள். ஒன்றில் கிராமத்தின் பெயர், மற்றதில் மாவட்டத் தலைநகர் என்று இருக்கும். வித்தியாசம் இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் "இருவரும் ஒருவரே" என்ற அஃபிடவிட் வேண்டும். எல்லா வடிவங்களையும் ஒரே அஃபிடவிட்டில் எழுதிவிட்டால் ஒன்றே போதும்.

ஓசிஐ அட்டையில் பெயர், தற்போதைய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரவேண்டும். "பழைய பாஸ்போர்ட்டில் இருந்த பெயர்தான் என் உண்மையான பெயர்" என்று ஆசைப்பட்டு அப்படியே நிரப்பினால் விண்ணப்பம் நிற்கும். பழைய வடிவத்தை "முன்பு வேறு பெயர் இருந்ததா" என்ற கேள்வியில் காட்டுங்கள்.

5. பாஸ்போர்ட்டை ஒப்படைத்து சரண்டர் சர்டிபிகேட் வாங்குவது

தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் வந்ததும் செய்யும் முதல் வேலை இதுதான். ஓசிஐக்கும் விசாவுக்கும் இந்தச் சான்றிதழ்தான் அடித்தளம்.

முதலில், பழைய பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்துவையுங்கள். கடந்த பத்தாண்டில் எந்தெந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று இந்திய இ-விசா படிவம் கேட்கும். முத்திரைகளைப் பார்த்தால்தான் நினைவு வரும்.

அடுத்து, எந்த அலுவலகம் என்று பாருங்கள். பிரிட்டோரியாவில் ஹை கமிஷனும், ஜோகன்னஸ்பர்க், டர்பன், கேப் டவுனில் கான்சுலேட்டுகளும் இருக்கின்றன. நீங்கள் வசிக்கும் மாகாணம் எதன் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் போகவேண்டும். அருகில் இருக்கிறது என்பதற்காக வேறு அலுவலகத்தில் நேரம் குறித்துக்கொண்டு, அங்கிருந்து திரும்பியவர்கள் உண்டு. விண்ணப்ப இணைப்பையும் அந்த அலுவலகத்தின் சொந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள். தேடுபொறியில் மேலே வருவது பல நேரம் இடைத்தரகர் தளம்.

கையில் இருக்கவேண்டியவை: கடைசி இந்தியப் பாஸ்போர்ட் அசல், அதன் முதல் இரண்டு கடைசி இரண்டு பக்கங்களின் நகல், தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட், குடியுரிமைச் சான்றிதழ், முகவரிக்கு மாநகராட்சி லைட் பில், புகைப்படம், ஆன்லைனில் நிரப்பி அச்செடுத்த படிவம். நகல் ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்து இருக்கட்டும். லைட் பில் வீட்டு உரிமையாளர் பெயரில் இருந்தால் வாடகை ஒப்பந்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் குடியுரிமை பெற்ற தேதியைக் கேட்கும் இடத்தில் பாஸ்போர்ட் வழங்கிய தேதியைப் போடாதீர்கள். சான்றிதழ் தேதிதான். இந்த ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பி, ஒருமுறை நாங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம்.

அபராதம் எதற்கு விழும்? குடியுரிமை மாறிய பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டில் செய்த பயணத்துக்கு, அதன்பின் அதைப் புதுப்பித்திருந்தால் அதற்கு, ஒப்படைக்காமல் நெடுநாள் வைத்திருந்ததற்கு. தவறு நடந்திருந்தால் மறைக்கவேண்டாம். முத்திரை பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது. உள்ளதைச் சொல்லி, கேட்ட அபராதத்தைக் கட்டிச் சான்றிதழ் வாங்கியவர்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள்தான் கடைசியில் அவசரத்தில் சிக்கினார்கள்.

2010 ஜூன் 1-க்கு முன்பே வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு நடைமுறை தனி. பழைய பாஸ்போர்ட் அப்போதே ரத்து முத்திரை பெற்றிருந்தால், அதைக் காட்டித் தூதரகத்திடம் கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

பழைய பாஸ்போர்ட் தொலைந்துபோயிருந்தால், போலீஸில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்கி, எப்போது எப்படித் தொலைந்தது என்று அஃபிடவிட் எழுதி, கிடைத்த நகலோடு விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட் எண்ணாவது தெரிந்திருந்தால் வேலை பாதி குறையும். பழைய மின்னஞ்சல், பழைய விமான டிக்கெட், இங்கே வந்தபோது வேலை கொடுத்த கம்பெனியின் கோப்பு, எங்காவது அந்த எண் இருக்கும்.

பாஸ்போர்ட் உங்களிடமே திரும்பி வரும். ரத்து என்று முத்திரை குத்தி, மூலையை வெட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அதை வாங்கிப் பார்த்ததும் என் மனைவி கொஞ்சநேரம் பேசவில்லை. சிங்க முகம் பொறித்த அந்த அட்டையோடுதான் 2 பெட்டியும் 1 குழந்தையுமாக இந்த ஊரில் வந்து இறங்கினோம். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சான்றிதழோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள். நீங்கள் இந்தியராக இருந்தீர்கள் என்பதற்கு உங்களுக்கும், நாளை உங்கள் பேரப்பிள்ளைக்கும் அதுதான் ஆதாரம்.

6. விசாவா, ஓசிஐயா

வருடத்துக்கு ஒருமுறையாவது ஊருக்குப் போகிறவர், பெற்றோர் அங்கே இருக்கிறவர், சொத்து இருக்கிறவர் ஓசிஐ வாங்குவதுதான் சரி. ஆயுளுக்கும் பலமுறை போய்வரும் விசா, எவ்வளவு நாள் தங்கினாலும் அங்கே பதிவுசெய்யத் தேவையில்லை.

பெயரில் "சிட்டிசன்" என்று இருப்பதால் மயங்கவேண்டாம். ஓட்டுரிமை இல்லை, அரசுப் பதவி இல்லை. விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்க முடியாது. அப்பா வைத்துவிட்டுப் போன வயல் வாரிசாக வருவதற்குத் தடையில்லை. புதிதாக வாங்கத்தான் தடை. தஞ்சாவூர்ப் பக்கம் நிலம் வாங்கிப் போடலாம் என்ற எண்ணம் இருப்பவர்கள் இதைக் குடியுரிமை மாறுவதற்கு முன்பே யோசிக்கவேண்டும்.

ஓசிஐ வர வாரங்கள் ஆகும். அதற்குள் போகவேண்டும் என்றால் இ-விசா. தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு இ-டூரிஸ்ட் விசா உண்டு. சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் விமான நிலையங்களில் இறங்கலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதச் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். குறைந்தது நான்கு நாள் முன்பாக விண்ணப்பிக்கவேண்டும்; நான் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

அந்தப் படிவத்தில் குடியுரிமை பிறப்பாலா, நேச்சுரலைசேஷனாலா (பிற்பாடு பெற்றதா) என்ற கேள்வி வரும். "நேச்சுரலைசேஷன்" என்று தேர்ந்து, முந்தைய குடியுரிமை "இந்தியா" என்று உண்மையைப் போடுங்கள். பிறந்த நாடு இந்தியா என்று பாஸ்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கும்போது பிறப்பால் தென்னாப்பிரிக்கர் என்று போட்டால், அடுத்தமுறை ஓசிஐ கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும்.

சாட்ஸ்வர்த்திலும் லெனேசியாவிலும் உள்ள நண்பர்கள், மூதாதையர் கப்பலில் வந்தவர்கள், "எங்களுக்கும் சரண்டர் சர்டிபிகேட் வேண்டுமா" என்று கேட்கிறார்கள். வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திராதவர் ஒப்படைக்க ஒன்றுமில்லை. ஓசிஐ கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்தி வரை உண்டு. அங்கே தேடவேண்டியது இந்தியாவில் பிறந்த கொள்ளுத்தாத்தாவின் பெயர் உள்ள கப்பல் பட்டியலும், அவரிலிருந்து உங்கள் வரை அறுபடாமல் வரும் பிறப்புச் சான்றிதழ்களும்.

7. ஓசிஐ விண்ணப்பம்

இந்திய அரசின் ஓசிஐ தளத்தில் இரண்டு பகுதியாக நிரப்பவேண்டும். முதல் பகுதி முடிந்ததும் ஒரு தற்காலிக எண் வரும். எழுதிவைத்துக்கொண்டால் மறுநாள் தொடரலாம். ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்து, நடுவில் கரண்ட் போய், எண்ணும் போய்த் தவித்தவர்கள் உண்டு.

புகைப்படத்தில் கவனம். இங்கே ஸ்டுடியோவில் "பாஸ்போர்ட் போட்டோ" என்றால் 35க்கு 45 மில்லிமீட்டரில் எடுத்துக் கொடுப்பார்கள். ஓசிஐக்குச் சதுரம் வேண்டும், 51க்கு 51. பின்புல நிறம் பற்றிய குறிப்பைத் தளத்தில் படித்து, ஸ்டுடியோக்காரரிடம் போனிலேயே காட்டுங்கள். கையெழுத்து, உயரத்தைப்போல மூன்று மடங்கு அகலமுள்ள படமாக ஏறவேண்டும். வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனாவால் போட்டு, நெருக்கமாக வெட்டுங்கள்.

வெளிநாட்டில் விண்ணப்பித்தால் கட்டணம் 275 அமெரிக்க டாலருக்கு ஈடான ராண்ட். சேவை மையத்தின் கட்டணம் தனி. நால்வர் குடும்பத்துக்கு இது சிறு தொகை அல்ல. அதனால்தான் பெயர்ப் பட்டியல் வேலையை முதலில் முடிக்கச் சொன்னேன்.

முன்னாள் இந்தியருக்கு முக்கிய ஆதாரம் ரத்தான பாஸ்போர்ட்டும் சரண்டர் சர்டிபிகேட்டும்தான். பழைய தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழை ஊரிலிருந்து வரவழைக்கக் காத்திருக்கவேண்டாம். அதில் பலருக்குக் குழந்தையின் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும்.

இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்: போலீஸ் நிலைய முத்திரை, நோட்டரி, அபோஸ்டில். போலீஸ் முத்திரை, நகல் அசலைப்போல இருக்கிறது என்று மட்டும் சொல்லும், அதுவும் இந்த நாட்டுக்குள். நோட்டரி என்பவர் அதற்கெனத் தகுதிபெற்ற வழக்கறிஞர். அபோஸ்டில், ஓர் ஆவணத்தில் உள்ள கையெழுத்து உண்மையானது என்று வேறு நாட்டுக்குச் சொல்வது. ஹோம் அஃபேர்ஸ் கொடுத்த பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் அசலுக்குப் பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையில் அபோஸ்டில் போடுவார்கள். நோட்டரி கையெழுத்திட்டதற்கு உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும். சான்றிதழின் நகலில் போலீஸ் முத்திரை வாங்கிக்கொண்டு பிரிட்டோரியா வரை போனால், அங்கே ஏற்கமாட்டார்கள். எந்த ஆவணத்துக்கு எது வேண்டும் என்பதைத் தூதரகப் பட்டியலில் பார்த்து, பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

8. குழந்தைகளின் காகிதம்

குழந்தைக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். இந்தியப் பாஸ்போர்ட் இருந்த குழந்தை என்றால் அதற்கும் ஒப்படைப்பு.

பிறப்புச் சான்றிதழ் அன்அப்ரிட்ஜ்டாக இருக்கவேண்டும், அதாவது பெற்றோர் இருவர் விவரமும் உள்ள முழு வடிவம். பெற்றோர் பெயர் இல்லாத பழைய சிறு சான்றிதழ் பயன்படாது. முழுவடிவம் கேட்டு ஹோம் அஃபேர்ஸில் விண்ணப்பித்தால் நாளாகலாம். ஆகவே மற்ற எதற்கும் முன்பாக இதை ஆரம்பியுங்கள். பெற்றோர் இருவருமே சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் துபாயில் வேலையில் இருந்தால் அவர் கையெழுத்து எப்படி வரும் என்பதை முதலிலேயே பேசிவையுங்கள்.

பயணத்தில் தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துப் போனால், மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் கேட்பார்கள்.

9. ஊரிலிருந்து போன் வந்துவிட்டால்

இரவு பத்து மணிக்கு "அப்பாவுக்கு முடியலை, உடனே வா" என்று போன் வரும். சரண்டர் சர்டிபிகேட் கையில் இல்லை. பழைய பாஸ்போர்ட் மேசை டிராயரில் இருக்கிறது. அதை எடுக்காதீர்கள்.

தூதரகங்களுக்கு அலுவலக நேரத்துக்கு வெளியே அவசர எண் உண்டு. அதை இன்றே போனில் சேமித்துவையுங்கள். மருத்துவமனைக் கடிதத்தையோ மருத்துவர் சீட்டையோ, முத்திரை தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காலையில் அந்தக் காகிதம், இரண்டு பாஸ்போர்ட்டும், குடியுரிமைச் சான்றிதழ், புகைப்படம் எல்லாவற்றோடும் நேரில் போங்கள். ஒப்படைப்பையும் அவசர விசாவையும் ஒன்றாகக் கேளுங்கள். உறவு என்ன என்பதைக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயர் இருக்கிறதே, அதுவே போதுமா என்று கேளுங்கள்.

டிக்கெட்டை, விசா கைக்கு வந்தபின் எடுங்கள். முடியாவிட்டால் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.

10. புறப்படும் நாள்

தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும், அல்லது இ-விசா அனுமதியின் அச்சுப் பிரதியும் கைப்பையில். பெட்டிக்குள் போடவேண்டாம்; விமானக் கம்பெனி கவுண்டரிலேயே கேட்பார்கள். ஓசிஐயோடு பழைய பாஸ்போர்ட்டையும் சுமக்கவேண்டும் என்ற விதி 2021-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பெயர் வடிவம் மாறியவர்கள் அஃபிடவிட்டின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். விசாவில் செல்பவர்கள் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இ-வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பவேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் வந்த நடைமுறை இது.

வழி எது என்றும் பாருங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் கேள்வி வரும். அந்தப் பகுதிகளிலிருந்து ஆறு நாளுக்குள் வருபவரிடம் இந்தியா தடுப்பூசிச் சான்று கேட்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறிச் செல்பவருக்கு விலக்கு உண்டு என்றாலும், அதைச் சுகாதார அதிகாரி ஏற்கவேண்டும். திரும்பி வரும்போது, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கியிருந்தால் தென்னாப்பிரிக்காவும் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். வயதான பெற்றோரைப் பார்க்க அடிக்கடி போகிறவர்கள் போட்டு வைத்துக்கொள்ளலாம். அறுபது வயதைத் தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்டபின் போடுங்கள்.

11. ஊரில் இறங்கிய பிறகும், பாஸ்போர்ட் மாறும்போதும்

வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்கு இருந்தால், குடியுரிமை மாறியதைச் சொல்லி என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இருந்தால் நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தேர்தல் நேரத்தில் போனால் "பேர் இருக்கே, வாங்க" என்று சொந்தக்காரர்கள் அழைப்பார்கள். போகக்கூடாது, அது உங்கள் ஓட்டு இல்லை. பான் அட்டையை வைத்துக்கொள்ளலாம், குடியுரிமை விவரத்தை மட்டும் திருத்தவேண்டும்.

தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் பெரியவர்களுக்குப் பத்து வருடம், 16 வயதுக்குக் கீழே ஐந்து வருடம். குழந்தை வளர வளரப் பாஸ்போர்ட் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் புது ஓசிஐ அட்டை வேண்டியதில்லை. 20 வயது வரை, புதுப் பாஸ்போர்ட் வாங்கிய மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் புதுப் புகைப்படத்தையும் ஓசிஐ தளத்தில் ஏற்றினால் போதும், கட்டணமில்லை. 20 வயதுக்கு முன் வாங்கிய அட்டையை, 20 தாண்டியபின் பாஸ்போர்ட் மாறும்போது ஒரே ஒருமுறை மாற்றி வாங்கவேண்டும். 50 தாண்டியவர்கள் அதன்பின் பாஸ்போர்ட் மாறும்போது ஒருமுறை ஏற்றவேண்டும். என் பெண்ணின் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு, அதற்கு மூன்று மாதம் கழித்து இன்னொரு வட்டமும் போட்டுவைத்திருக்கிறோம்.